பூஜ்ய வட்டியின் விலை

எங்கள் வீட்டின் முதல் ஃப்ரிட்ஜை அம்மா ‘வட்டியில்லாத் தவணை’யில் வாங்கினார்: மாதம் 2,000 ரூபாய், 12 மாதங்கள். ரொக்கம் கொடுத்தவர்களுக்கு அது 22,000 ரூபாய்க்கே கிடைத்தது.

பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 2,000 ரூபாய் வித்தியாசம், ஆண்டுக்கு 16 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி. செயலாக்கக் கட்டணம் என்ற பெயரிலும் வட்டி ஒளிந்திருக்கிறது என்றது சுற்றறிக்கை. சில ஆண்டுகளில் விளம்பரம் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

மொத்தப் பணம் கையில் இருப்பவருக்குத் தள்ளுபடி. வீட்டுச் செலவில் மாதாமாதம் மிச்சம்பிடிக்கும் பெண்ணுக்கு முழு விலை. அம்மா ஒரு தவணைகூடத் தவறவில்லை. கடையில் இன்று நான் முதலில் கேட்பது ரொக்க விலையைத்தான்.