குடும்ப அறை

பேரப்பிள்ளைகளோடு வெளியே சாப்பிடப் போவதென்றால் என் மகள் போனில் ஐந்து நிமிடம் துழாவி இடத்தை முடிவு செய்துவிடுகிறாள். குழந்தைக்கு உயரமான நாற்காலி உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா, காரம் குறைத்துத் தருவார்களா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடுகிறது. எங்கள் அப்பா காலத்தில் வாசலில் தொங்கும் பலகையைப் படித்தால் போதும். உள்ளே என்ன கிடைக்கும் என்பதைவிட, உள்ளே யார் யாரோடு உட்காரலாம் என்பதைத்தான் அந்தப் பலகைகள் சொல்லும். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் என்பதால் எந்தப் பலகையையும் நின்று படிக்காமல் நகரமாட்டார். அவர் படித்துக் காட்டியதும் நான் பிறகு பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

'குடும்ப அறை' அல்லது 'ஃபேமிலி ரூம்' என்ற பலகை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஓட்டலில் நுழைந்ததும் கல்லா, அதைத் தாண்டிப் பெரிய கூடம், கூடத்தின் ஓரத்தில் மரத் தடுப்பு. இடுப்புக்கும் தலைக்கும் நடுவில் மட்டும் மறைக்கிற, தள்ளினால் ஆடுகிற அரைக்கதவு. சில இடங்களில் அதுவும் இல்லை, கம்பியில் கோத்த திரைச்சீலைதான். குழந்தை குட்டியோடு யாராவது வந்தால் கல்லாவில் இருப்பவர் தலையை நிமிர்த்தாமலே "ஃபேமிலி உள்ள போங்க" என்பார். ஒரு பெண், ஒரு குழந்தை, ஒரு ஆண் என்று மூன்று பேரைப் பார்த்தால் அவர் வாயில் தானாக வரும் சொல் அது. ஆண் மட்டும் வந்தால் அவர் ஃபேமிலி இல்லை!

அந்த அறை வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பெண்களும் குழந்தைகளும் ஓட்டலுக்குப் போகவே இல்லை. என் பாட்டி 80 வயதுக்கு மேல் இருந்தார். ஓட்டல் நாற்காலியில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. ஆனால் ஓட்டல் பண்டம் சாப்பிட்டிருக்கிறார். தாத்தா தூக்கில் சாம்பாரும் வாழை இலையில் கட்டிய இட்லியும் வாங்கி வருவார். திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஓட்டல் ஆண்களுக்கு, பார்சல் வீட்டுக்கு.

நூறு வருடத்துக்கு முன் காப்பி கிளப்புகள் பெருகிய காலத்தில், அதற்குள்ளேயே வேறொரு தடுப்பும் இருந்தது. 'பிராமணாள் காப்பி கிளப்', 'பிராமணாள் ஓட்டல்' என்று பலகை இருக்கும். பல இடங்களில் பிராமணர்கள் உட்கார ஒரு பகுதி, மற்ற ஜாதியினருக்கு வேறு பகுதி. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு எந்தப் பகுதியிலும் இடம் கிடையாது. ரயில்வே நிலைய உணவு விடுதிகளிலேயே இந்தப் பிரிவு இருந்தது. பயணம் போகிற குடும்பம் கைக்குழந்தைக்குப் பால் வாங்கப் போனாலும் எந்த வாசல் என்று பார்த்துத்தான் போக வேண்டும். பெரியாரும் அவர் இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததில் 1941-ல் ரயில்வே விடுதிகளில் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது.

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 15-வது பிரிவை ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இரண்டாவது உட்பிரிவில் கடைகள், பொது உணவு விடுதிகள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். மதம், ஜாதி, பால், பிறந்த இடம் என்பதைக் காட்டி யாரையும் அங்கே தடுக்கக் கூடாது. கிணறு, குளத்துக்குச் சமமாக ஓட்டலையும் அந்தப் பெரியவர்கள் கவனித்திருக்கிறார்கள். அடுத்த உட்பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை தருகிறது. ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும் அந்த இரண்டு வரிகளையும் படித்தபோது, எங்கள் ஊர் ஓட்டலின் கூடமும் குடும்ப அறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததுதான் என் நினைவுக்கு வந்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, ஓட்டலில் நுழையவிடாமல் தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

தடுக்கக் கூடாது என்றார்களே தவிர பலகையில் இருந்த சொல் அப்படியே இருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் வருவதும் கைதாவதுமாக மாதக் கணக்கில் நடந்தது. எனக்கு அப்போது 7 வயது. அந்தப் பக்கம் போகாதே என்று அம்மா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. கடைசியில் அந்தச் சொல் போனது. மற்ற ஓட்டல்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக, 'உயர்தர சைவ உணவகம்' என்று பெயின்ட் அடித்துக் கொண்டார்கள். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இருந்தது. அதை மறைத்துவிட்டு நகரத்துக் கதையை மட்டும் சொல்வது நியாயமாகாது.

கூடத்தில் யார் வேண்டுமானாலும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்று ஆனபிறகு 'நம்ம வீட்டுப் பெண்கள் எப்படி அங்கே உட்காருவது' என்ற பேச்சு எழுந்தது. குடும்ப அறை ஊருக்கு ஊர் பரவியது அந்த நாட்களில்தான் என்பது என் கணிப்பு. ஓட்டல்காரர்கள் ஜாதிக்காகச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வெற்றிலைச் சாறு, பீடிப் புகை, 'இங்கே அரசியல் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழேயே நடக்கும் அரசியல் சண்டை இவற்றுக்கு நடுவே குழந்தையோடு உட்கார எந்தப் பெண்ணுக்கும் தயக்கமாகத்தான் இருக்கும். முனியாண்டி விலாஸ் போன்ற அசைவ ஓட்டல்களிலும் அந்த அறை வந்ததால்தான் பல வீட்டுப் பெண்கள் முதன்முதலாக ஓட்டல் பிரியாணியைச் சூடாகச் சாப்பிட்டார்கள். ஆனால் பெண்களும் குழந்தைகளும் இருப்பதால் ஆண்கள் கொஞ்சம் அடக்கமாக இருக்கட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எங்களைத்தான் உள்ளே தள்ளினார்கள்.

அறையின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். நான் டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டர். 1976-ல் மகனும் 79-ல் மகளும் பிறந்தார்கள். சம்பள நாளில் இரண்டையும் கூட்டிக்கொண்டு நானும் கணவரும் கிளம்புவோம். வழக்கமாகப் போன ஓட்டலின் பெயர் வேண்டாம். குடும்ப அறை அடுப்படிக்குப் பக்கத்துச் சுவர். ஒரே மின்விசிறி, அதுவும் தடுப்புக்கு அந்தப் பக்கம். சர்வர் கூடத்தை முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சாம்பார் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் கணவர் எழுந்து அரைக்கதவுக்கு மேல் தலையை நீட்டிக் கூப்பிட வேண்டும். மேசை என் மகளின் மூக்கு உயரம் இருக்கும், அதனால் அவள் என் மடியில். சாப்பாடு என்றால் குழந்தைக்குத் தனி இலை போட்டால் முழுக் காசு, ஒரே இலையில் ஊட்டினால் காசில்லை. எத்தனை அம்மாக்கள் அந்தக் கணக்கில் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள்!

இதற்கு நேர்மாறாகச் சென்னையில் ஓர் இடம் இருந்தது. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962-ல் தொடங்கியது. தோட்டக்கலைச் சங்கத்து நிலம், பெரிய பெரிய மரங்கள். கார்க்காரர்களுக்குக் கண்ணாடி ஓரத்தில் தட்டை மாட்டி அங்கேயே பரிமாறுவார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே போய் உட்காரலாம். எங்களிடம் ஸ்கூட்டர்தான், அதனால் யாரும் முகம் சுளித்ததில்லை. தடுப்பு இல்லை, திரை இல்லை. கல்லூரிப் பெண்கள், சினிமாக்காரர்கள், எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் எல்லோரும் ஒரே மர நிழலில். தோசை வரும்வரை பிள்ளைகள் ஓடி விளையாடலாம், கொட்டினாலும் மண்தான். குழந்தைக்கு ஏற்ற ஓட்டல் என்று என் வாழ்நாளில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். குழந்தைக்கென்று அங்கே விசேஷமாக ஒன்றும் செய்து வைக்கவில்லை, எங்களை ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். 2008-ல் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா.

அந்த ஓட்டலை நிறுவிய கிருஷ்ணாராவ் சிறுவனாக இருந்தபோது ஓட்டலில் எடுபிடி வேலை செய்து மேலே வந்தவர். தமிழ்நாட்டு ஓட்டல் முதலாளிகள் பலருடைய கதையும் மேசை துடைப்பதில்தான் தொடங்குகிறது. 'பையனாக வந்தான், முதலாளி ஆனான்' என்று பெருமையாகச் சொல்வோம். முதலாளி ஆகாத பையன்களின் கதையை யாரும் எழுதவில்லை.

குடும்ப அறைக்குள் இன்னொரு குழந்தையும் இருந்தது. இலை எடுக்கும் பையன், 'க்ளீனர்'. காக்கி அரைக்கால் சட்டை, கையில் வாளி, தோளில் ஈரத் துணி. தெற்கே மழை பொய்த்த ஊர்களிலிருந்து யாராவது மாமா, சித்தப்பா கூட்டிவந்து விட்டுப் போவார்கள். சாப்பாடு, ஓட்டலிலேயே படுக்கை, சம்பளம் ஊருக்கு. 1983 என்று நினைவு. என் மகன் இரண்டாம் வகுப்பு. இலையெடுக்க வந்த பையனுக்கு இவனைவிட மூன்று வயது அதிகமிருக்கலாம். "அண்ணா, நீங்க எந்த ஸ்கூல்?" என்று கேட்டுவிட்டான். பையன் திரும்பிக் கல்லாவைப் பார்த்தான். அப்புறம் இலையை மடித்து வாளியில் போட்டுவிட்டு மேசையைத் துடைத்தான். என் கணவர் வெளியே வந்து ஒரு வெற்றிலை பாக்குக் கடை ஓரமாக நின்று, "இனிமே இங்க வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓட்டல் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. மேசையை யார் துடைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளோடு உட்காருவோம். பல நாள் பார்த்துவிட்டு, பார்சல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, ஓட்டல் வேலை அதில் தடை செய்த வேலைகளுக்குள் வரவில்லை. டீக்கடை, ஓட்டல், தாபா, வீட்டு வேலை இவற்றில் 14 வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது என்ற தடை நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 10-ல். சட்டத்துக்கும் தடைக்கும் நடுவில் 20 வருடம். அதற்குள் அந்த முதல் பையன்கள் எல்லாம் பிள்ளை பெற்றிருப்பார்கள். 2016-ல் 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்று திருத்தினார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். குடும்பம் என்ற சொல் அங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது.

குடும்ப அறை எப்போது போனது? 80-களின் கடைசியிலும் 90-களிலும் அதே மூலையில் கண்ணாடிக் கதவு போட்டு 'ஏ.சி. ஹால்' ஆக்கினார்கள். அதே இட்லி, அதே சட்னி, விலை மட்டும் கூட. பெண்கள் வேலைக்குப் போய்த் தனியாகவும் தோழிகளோடும் சாப்பிட வந்தபிறகு, கூடத்தில் அவர்களைக் கண்டு யாரும் திகைக்கவில்லை. அரைக்கதவு விறகாயிற்று. பணம் என்ற தடுப்பு நின்றது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம், ஏ.சி. இல்லாததற்கு 12 என்று அரசாங்கமே அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முத்திரை குத்தியது. நவம்பரில் இரண்டையும் 5 ஆக்கினார்கள்.

இப்போது எங்கள் பக்கத்து ஓட்டல்களில் மேசை துடைப்பவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். போன மாதம் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த ட்ரங்க் கால் இந்தியில் வயது கேட்டேன். "உன்னீஸ்" என்றார். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. ஊரில் தம்பி பத்தாவது படிக்கிறானாம். என் பேத்தி கீழே போட்ட தம்ளரை எடுத்து வைத்துவிட்டு, அவளுக்கு வேறு தம்ளரில் தண்ணீர் கொண்டுவரப் போனார்.