கூரையில்லாத ஆலயம்



2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் உலக இளையோர் நாள் கொண்டாடப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் நிறைவேற்றிய நிறைவுத் திருப்பலியில் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் கலந்துகொண்டார்கள். ஆற்றங்கரையில் திரண்டிருந்த அந்த இளைஞர் கூட்டத்தை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த நகருக்குப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்குச் சுற்றுலாக்காரர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. இன்றைய சிந்தனையில் நாமும் அந்தப் பட்டியலோடு கொஞ்சம் நடந்து பார்ப்போம். ஆனால் இரண்டு இடங்களில் மட்டும் கூடுதல் நேரம் நிற்போம்.

தேஜோ ஆறு கடலில் கலக்கும் முகப்பில் பெலேம் என்ற பகுதி உள்ளது. பெத்லகேம் என்பதன் போர்ச்சுக்கீசிய வடிவம்தான் அது. வாஸ்கோ ட காமாவின் கல்லறை உள்ள ஜெரோனிமோஸ் துறவு மடம் அங்கேதான் இருக்கிறது. 1541 ஏப்ரல் 7 அன்று, தமது 35ஆம் பிறந்த நாளில், புனித பிரான்சிஸ் சவேரியார் கப்பலேறியதும் லிஸ்பனிலிருந்துதான். நகரின் மேட்டில் பேராலயம் நிற்கிறது. அதன் அருகே, பதுவைப் புனிதர் என்று நாம் அழைக்கும் அந்தோணியார் பிறந்த இடத்தில் அவர் பெயரால் ஓர் ஆலயம் உண்டு. நம் அருளானந்தர், அதாவது புனித ஜான் தெ பிரிட்டோ, 1647 மார்ச் 1 அன்று பிறந்ததும் இதே ஊரில்தான். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் இரத்தம் சிந்தினார். 1554ஆம் ஆண்டிலேயே தமிழ் மொழியில் ஒரு மறைக்கல்விச் சிறுநூல், உரோமை எழுத்துகளில், லிஸ்பனில் அச்சாகியிருக்கிறது. ஆகவே அந்த ஊர் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல.

இனி நாம் நிற்க வேண்டிய முதல் இடத்துக்கு வருவோம். நகரின் நடுவே ஒரு குன்றின் மேல் கார்மோ என்ற கார்மேல் சபை மடம் இருக்கிறது. 1389இல் அதை நிறுவியவர் நூனோ ஆல்வரஸ் பெரெய்ரா என்ற படைத்தலைவர். பின்னாளில் அவர் வாளைக் கீழே வைத்துவிட்டு, அதே மடத்தில் சாதாரணத் துறவியாகச் சேர்ந்தார். 2009இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக உயர்த்தினார். அந்த மடத்து ஆலயத்தினுள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேல் கல் வளைவுகள் மட்டும் எலும்புக்கூடு போல நிற்கின்றன. கூரை இல்லை. வானம்தான் தெரிகிறது.

அந்தக் கூரை 1755ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று விழுந்தது. அன்று அனைத்துப் புனிதர்கள் பெருவிழா. காலை ஒன்பதே முக்கால் மணி அளவில் ஆலயங்கள் நிறைந்திருந்தன, பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. கோபுரங்களும் கூரைகளும் செபித்துக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன. தப்பியவர்கள் திறந்த வெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறி வந்தது. மிச்சமிருந்ததை நெருப்பு பல நாள் தின்றது. மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். ஆலயங்கள் பல இடிந்து கிடக்க, குறுகிய சந்துகள் கொண்ட அல்ஃபாமா குடியிருப்போ பெருமளவு தப்பி நின்றது.

கோவிலுக்குப் போனவர்கள் ஏன் சாக வேண்டும் என்று ஐரோப்பா முழுவதும் கேட்டது. கபிரியேல் மலக்ரிதா என்ற இயேசு சபைக் குரு உடனே ஒரு பதில் சொன்னார். பிரேசில் நாட்டில் பல ஆண்டுகள் மறைப்பணி ஆற்றிய முதியவர் அவர். இது இயற்கையால் வந்ததல்ல, லிஸ்பன் மக்களின் பாவங்களுக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று 1756இல் சிறு நூல் எழுதினார். நகரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த அமைச்சர் போம்பாலுக்கு அது பிடிக்கவில்லை. 1761இல் மலக்ரிதாவுக்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தக் கொடுமையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் அவர் சொன்ன பதில் சரியானதல்ல.

அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. நாட்டிலுள்ள பங்குகளுக்கெல்லாம் போம்பால் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை பேர் இறந்தார்கள்? கடல் முதலில் உள்வாங்கியதா, பொங்கியதா? பங்குத்தந்தையர் தங்கள் ஊரில் கண்டதை எழுதி அனுப்பினார்கள். நிலநடுக்க அறிவியலின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தப் பதில்களை இன்று அறிஞர்கள் மதிக்கிறார்கள். ஒரு குரு மக்களின் பாவங்களைக் கணக்கிட்டார். பெயர் தெரியாத குருக்கள் பலர் இறந்தவர்களை எண்ணினார்கள். இவர்களில் ஆண்டவருக்கு அருகில் நின்றவர் யார்?

இதற்கு விடை லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். மனம் மாறுங்கள் என்ற சொல்லை அவர் இறந்தவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை, உயிரோடு நின்று பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

இப்போது இரண்டாவது இடம். குன்றிலிருந்து இறங்கினால் ரோசியு சதுக்கம். அதை ஒட்டிப் புனித தோமினிக் ஆலயம் உள்ளது. 1959இல் அந்த ஆலயம் தீப்பிடித்து எரிந்தது. 1994இல் மீண்டும் திறந்தபோது, வெடித்துக் கருகிய தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவேதான் அங்கே திருப்பலி நடக்கிறது.

ஆனால் அந்த ஆலயத்தின் பெரிய காயம் நெருப்பால் வந்ததல்ல. 1506 ஏப்ரல் 19, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. கொள்ளைநோயும் பஞ்சமும் வாட்டிய காலம். சிலுவையில் ஓர் ஒளி தெரிவதாகவும் அது புதுமை என்றும் மக்கள் பரவசப்பட்டார்கள். கட்டாயத்தால் திருமுழுக்குப் பெற்ற யூதர் ஒருவர், அது வெறும் மெழுகுதிரி வெளிச்சம் என்று சொல்லிவிட்டார். அவரை அங்கேயே அடித்துக் கொன்றார்கள். துறவிகள் இருவர் சிலுவையை ஏந்தி மக்களைத் தூண்டிவிட்டார்கள். மூன்று நாளில் ஏறத்தாழ 2000 பேர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. நாட்டின் துன்பத்துக்கு யாருடைய பாவம் காரணம் என்று தேடியவர்கள், அயலானின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

2000ஆம் ஆண்டில் லிஸ்பனின் முதுபெரும் தந்தை அதே சதுக்கத்தில் நின்று யூத மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2008 முதல் அங்கே ஒரு நினைவுக் கல்லும் இருக்கிறது. ஆலயத்துக்குப் போகிற எவரும் அதைக் கடந்துதான் போக வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு நாம் வாசிக்கும் நற்செய்தி எது? உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களைத் தோமாவுக்குக் காட்டிய நற்செய்தி. மரணத்தை வென்ற அந்த உடலிலும் ஆணித் தழும்புகள் மறையவில்லை. மறைக்கவும் இல்லை. அந்த நற்செய்தி ஒலித்த நாளிலேயே லிஸ்பனில் கொலை நடந்தது. அந்த நகரம் இன்று தன் தழும்பை மறைக்காமல் காட்டுவதையே நாம் நற்செய்தியின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இது தூரத்து ஊரின் கதை மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளையும் கடற்கரைக் குடும்பங்களையும் கடல் கொண்டுபோனது. அப்போது நம் நாவிலும் மலக்ரிதாவின் பதில் எழவில்லையா? இன்றும் குழந்தையைப் பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என்ன சாபமோ, யார் செய்த பாவமோ என்று நாம் பேசுகிறோம். உள்ளே அந்தத் தாய் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குருக்களாகிய நாங்களும் இதில் தவறியிருக்கிறோம். என்ன சொல்வதென்று தெரியாத நேரத்தில் மௌனமாக இருப்பதை விட்டு, விளக்கம் சொல்லப் புகுந்திருக்கிறோம்.

இந்த வாரம் நம் பங்கில் துக்கம் நடந்த ஒரு வீட்டுக்குப் போவோம். காரணம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருவோம், இறந்தவரின் பெயரைச் சொல்லிச் செபிப்போம், ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோவோம். நம் சொல்லால் காயப்பட்டவர் யாராவது இருந்தால், மன்னிப்பும் கேட்போம்.

செபிப்போமாக. காயங்களோடு உயிர்த்த ஆண்டவரே, பிறருடைய துன்பத்தில் பாவத்தைத் தேடும் கண்களை எங்களிடமிருந்து எடுத்துவிடும். எண்ணப்படாமல் போனவர்களை எண்ணும் இதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.