பனிப் பிரதேச நாய்களும் நம்ம ஊர் வெயிலும்!

வீட்டு வாசலில் யார் வந்தாலும் குரைத்துத் தீர்க்கும் புசுபுசு வெள்ளை நாயைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. நம் ஊரில் அதற்குப் பெயர் 'பொமரேனியன்'. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 'இந்தியன் ஸ்பிட்ஸ்' என்பது பலருக்குத் தெரியாது!

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரக் குளிர்ப் பிரதேசம். இன்று அதன் ஒரு பகுதி ஜெர்மனியிலும், பெரும்பகுதி போலந்திலும் உள்ளது. விக்டோரியா மகாராணி 1888-ல் இத்தாலி போனபோது 'மார்கோ' என்ற குட்டி பொமரேனியனை வாங்கி வந்தார். அதற்குப் பின் சிறிய நாய்கள் இங்கிலாந்தில் நாகரிகமாகிவிட்டன. ஸ்பிட்ஸ் இந்தியாவுக்கு வந்ததும் ஆங்கிலேயர் வழியாகத்தான் என்கிறார்கள். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' இந்திப் படத்தின் 'டஃபி'யும் ஸ்பிட்ஸ்தான்.

இந்த நாய்களுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற அடர்ந்த முடி. அடிமுடி காற்றைப் பிடித்து வைத்துக் குளிரைத் தடுக்கிறது. மேல்முடி வெயில், மழையிலிருந்து தோலைக் காக்கிறது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கோ குட்டை முடிதான். ஊருக்கு ஏற்ற உடுப்பு!

பிறகு ஹஸ்கி மோகம் வந்தது. வணிக இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு 2016-ல் தடை அறிவித்தது. தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றை நம் வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்டது. வளர்ப்பவர்களிடமிருந்து எதிர்ப்பும் கிளம்பியது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஏற்கனவே வீட்டில் இருக்கும் நாயின் கதி? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். "பாவம், வேர்க்குமே" என்று பலர் மொட்டையடித்து விடுகிறார்கள். நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது நண்பர்களே! நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. மொட்டையடித்தால் தோல் வெயிலில் வெந்துபோகலாம்; முடி பழையபடி வளராமலும் போகலாம்.

செய்ய வேண்டியது உதிர்ந்து சிக்கிய அடிமுடியை வாரி எடுப்பதுதான். வாரம் இரண்டு மூன்று முறை, தோல் வரை சீப்பு போக வேண்டும். வாரிய பிறகே குளியல். சிக்குக்குள் ஈரம் நின்றால் தோல் நோய் வரும், அதனால் நன்றாக உலர்த்த வேண்டும். நடைப்பயிற்சி விடியற்காலையில், நிழலும் தண்ணீரும் எப்போதும்.

அந்த நாய் நம் ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாம்தான் கொண்டு வந்தோம். சீப்பைக் கையில் எடுக்க வேண்டியதும் நாம்தானே?