பாலியல் குறைபாட்டை எண்ணிய கதை

நாட்டக் குறைவு, விறைப்புக் குறைபாடு, விந்து முந்துதல், உச்சம் எய்த இயலாமை, உறவின்போது வலி ஆகியவை பாலியல் குறைபாடுகள் எனப்படுகின்றன. இவை எத்தனை பேருக்கு உள்ளன என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை நம்பத்தக்க விடை இல்லை. மருத்துவரிடம் போனவர்கள் மட்டுமே கணக்கில் ஏறினார்கள். கூச்சத்தால் வாய் திறக்காதவர்கள் விடுபட்டுப் போனார்கள்.

இந்தியானா பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் கின்சி, ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களிடம் பேட்டி கண்டு 1948இல் ஆண்களைப் பற்றியும் 1953இல் பெண்களைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். தாமாக முன்வந்தவர்களைக் கொண்டு செய்த ஆய்வு என்பதால் அதை நாட்டு மக்கள் அனைவருக்கும் பொருத்த முடியவில்லை. பாலியல் ஆய்வாளர்களான வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1970இல் வெளியிட்ட நூலோ சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றியது. ஆண்மைக்குறைவு பெரும்பாலும் மனத்தால் வருவது என்ற அவர்கள் கருத்து மருத்துவ உலகில் பல ஆண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தது.

அந்தக் கருத்தை ஆட்டம் காண வைத்தவற்றுள் முக்கியமானது மாசசூசெட்ஸ் ஆய்வு. 1987 முதல் 1989 வரை பாஸ்டன் வட்டாரத்தின் 11 ஊர்களில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களிடம் இது நடந்தது. விறைப்பு பற்றிய கேள்விகளுக்கு 1,290 பேர் விடையளித்தனர். அவர்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் குறைபாடு இருந்தது. முழுமையான குறைபாடு 40 வயதில் 5 விழுக்காடாகவும் 70 வயதில் 15 விழுக்காடாகவும் இருந்தது. சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் அது 28 விழுக்காடு. இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் 39. அந்த இதய நோயாளிகள் புகைபிடிப்பவர்களாகவும் இருந்தால் 56. முடிவுகள் 1994இல் வெளிவந்தன. விறைப்பு ரத்த ஓட்டத்தைச் சார்ந்தது. ரத்தக் குழாயைக் கெடுப்பவை அதையும் கெடுக்கின்றன. ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை என்பதால் அடைப்பின் விளைவு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரிகிறது.

1998 மார்ச்சில் அமெரிக்கா, விறைப்புக் குறைபாட்டுக்கான வயாகரா மாத்திரைக்கு ஒப்புதல் அளித்தது. மறு ஆண்டே பாலியல் குறைபாடுகள் பற்றிச் சமூகவியலாளர் எட்வர்ட் லாமன் குழுவினரின் கட்டுரை வந்தது. 1992இல் 18 முதல் 59 வயது வரையுள்ள 1,749 பெண்களிடமும் 1,410 ஆண்களிடமும் எடுத்த பேட்டிகளின்படி, பெண்களில் 43 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் குறைபாடு இருந்தது. படிப்புக் குறைவு, வருமானச் சரிவு, உடல்நலக் கேடு, மன அழுத்தம், பாலியல் வன்முறைக்கு ஆளானது ஆகியவற்றோடு அது தொடர்புபட்டிருந்தது.

43 என்ற எண் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கடந்த ஓராண்டில் சில மாதங்கள் ஒரு சிக்கல் இருந்தது என்றாலே ஒருவர் கணக்கில் சேர்க்கப்பட்டார். அது அவரை வருத்தியதா என்பது கணக்கில் இல்லை. இயல்பான ஏற்ற இறக்கங்களை நோயாக்கி மருந்துச் சந்தையை விரிக்கிறார்கள் என்று விமர்சகர்கள் சாடினர். 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, 31,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் சிக்கலையும் மனவேதனையையும் தனித்தனியே கேட்டது. சிக்கல் உள்ளவர்கள் ஏறத்தாழ அதே 43 விழுக்காடு. அதனால் வேதனைப்பட்டவர்கள் சுமார் 12 விழுக்காடு மட்டுமே. வேதனை கூடிய சிக்கல் 45 முதல் 64 வயதுப் பெண்களிடமே மிகுதி. மனச்சோர்வு அதன் முக்கியத் துணைக் காரணி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தன் வரையறையை இறுக்கியது: வேதனை தர வேண்டும் என்ற ஏற்கெனவே இருந்த நிபந்தனையோடு, பெரும்பாலான குறைபாடுகளுக்கு ஏறத்தாழ ஆறு மாதமாவது நீடிப்பதும் நிபந்தனையாயிற்று.

ஆக, கேள்வி மாறும்போதெல்லாம் விழுக்காடும் மாறியிருக்கிறது; முதுமை, சர்க்கரை நோய், இதய நோய், புகை, மனச்சோர்வு என்ற காரணப் பட்டியல் பெரிதாக மாறவில்லை. அதில் முதுமை ஒன்றைத் தவிர மற்றவை தடுக்கவோ கட்டுப்படுத்தவோ கூடியவை.