கள்ளர் கோலமும் ஆண்டாள் மாலையும்: சித்திரைத் திருவிழாவின் உருவாக்கம்

ஆலங்குளம், ராஜபாளையம் வட்டாரத்தாருக்கு மதுரைச் சித்திரைத் திருவிழா வேற்றூர் விழா அன்று. வைகையில் இறங்குமுன் தல்லாகுளத்தில் கள்ளழகர் சூடும் மாலை, திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்களைந்தது. கூடவே கிளியும் பரிவட்டமும் போகின்றன. உறவு பழையது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு வெண்ணெயும் அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதை ஆண்டாளே நாச்சியார் திருமொழியில் பாடியிருக்கிறாள். பெரியாழ்வாரின் திருவரசு (சமாதி) இருப்பதும் அழகர்கோயிலில்தான்.

ஆனால் மலையைவிட்டு இறங்கும் அழகரின் தோற்றத்தை ஆழ்வார் பாசுரங்களைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. கண்டாங்கிப் பட்டு, கொண்டை, காதில் கடுக்கன், கையில் வளைதடி என அவர் கள்ளராகவே புறப்படுகிறார். இந்த வேடமே ஒரு வரலாற்று ஆவணம் என்பது என் கருத்து.

இன்று ஒன்றாகத் தெரிவது முன்பு இரு விழாக்கள். மீனாட்சி திருக்கல்யாணம் மாசியில் நடந்தது; அழகர் சித்திரையில் தேனூரில் ஆற்றில் இறங்கினார். திருமலை நாயக்கர் (1623–1659) இவ்விரண்டையும் சித்திரையில் மதுரையில் இணைத்தார் என்பது மரபுச் செய்தி. ஊரின் பெயர்களும் அதற்குத் துணைநிற்கின்றன: மீனாட்சியின் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது, வண்டியூர் அருகே ஆற்றில் உள்ள மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்று பெயர்.

கோயில் மரபில் அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தர. மக்கள் வழக்கில் அவர் தங்கை கல்யாணத்துக்குத் தாமதமாக வந்து, கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமல் திரும்பும் அண்ணன். இரண்டாவது கதை இணைப்புக்குப் பிறகே பிறந்திருக்க முடியும். கல்யாணமும் ஆற்றிறக்கமும் ஒரே மாதத்தில் வராமல் அதற்கு வேலையே இல்லை.

கள்ளர் கோலத்துக்கு எளிய விளக்கம், வழிமறித்த கள்ளரைக் கோயில் தன்வசப்படுத்தியது என்பது. தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இதை இன்னும் விரிவான தளத்தில் வைத்தார்: கோயிலுக்கும் சுற்றுவட்டாரச் சாதிகளுக்கும் இடையிலான உறவாக. அடியவர் வேடங்களைப் பார்த்தால் அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, திரி ஏந்தி ஆடுவோரும், தோல்பையிலிருந்து நீர் பீய்ச்சுவோரும் கோயில் ஊழியர்கள் அல்லர்; விரதமிருந்து வரும் நாட்டுப்புறத்து மக்கள். பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் நகைப்பட்டியல் வாசித்துத்தான் அழகரே மலையிலிருந்து கிளம்புகிறார் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

வேடம் ஒன்றோடு நிற்பதில்லை. ஆற்றில் இறங்கும்போது தங்கக் குதிரை. பட்டின் நிறம் பச்சையானால் நாடு செழிக்கும் என்று கூட்டம் ஆரவாரிக்கும். ராமராயர் மண்டபத்தில் இரவு முழுவதும் தசாவதாரம்: மச்சம், கூர்மம், வாமனன் என்று மாறி மோகினியில் முடிகிறது. ஒரே விழாவை ஆண்டுதோறும் சலிக்காமல் பார்க்க வைப்பதில் இந்த மாற்றங்களுக்குப் பெரும் பங்குண்டு.

தோல்பையின் இடத்தில் விசைப்பம்பு புகுந்தது மட்டும் நல்ல மாற்றமில்லை. அது குறித்த வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது.

தொடக்கத்தில் சொன்ன ஆண்டாள் மாலைக்கு மறுமரியாதையும் உண்டு. திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு அழகர்கோயிலிலிருந்து ஆண்டாளுக்குப் பட்டு வருகிறது.