களனியின் முகத்துவாரத்தில் ஒரு காப்பகம்

கித்துல்கலயில் ரப்பர், தேயிலைத் தோட்டங்களின் அடிவாரத்தில் பாறைகளில் மோதிச் சீறி ஓடும் களனி கங்கை, எட்டியாந்தோட்டை, அவிசாவளை, ஹங்வெல்ல என்று இறங்கி, கொழும்புக்கு வடக்கே கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தின் வடகரையில் இருக்கிறது ஹெந்தலை. தொழுநோயாளரைத் தனியே வைத்துப் பராமரிக்க ஒல்லாந்தர் 1708இல் அங்கே ஒரு காப்பகம் கட்டினார்கள். நகரத்துக்கும் நோயாளிக்கும் நடுவே ஆறு கிடந்தது.

போய்ப் பார்க்கலாமா? கையைப் பிடித்துப் பேசலாமா? கட்டிக்கொண்டு போன சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாமா? உறவினரை அங்கே விட்டுவந்தவர்களை வாட்டிய கேள்விகள் இவைதான். வைத்தியம் இவற்றுக்குக் காலத்துக்கொரு பதில் சொன்னது.

1867இல் லண்டனின் அரச வைத்தியர் கல்லூரி, பிரித்தானியக் குடியேற்ற நாடுகளிலிருந்து திரட்டிய விவரங்களை வைத்துத் தொழுநோய் தொற்றாது என்று முடிவு கட்டியது. ஆறே ஆண்டுகளில், 1873இல், நோர்வே வைத்தியர் ஆர்மவர் ஹன்சன் அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். ஹவாயின் மொலொக்காய் தீவில் தொழுநோயாளருடன் வாழ்ந்து பணிசெய்த தாமியன் அடிகளார் அதே நோய் கண்டு 1889இல் இறந்தபோது, உலகெங்கும் அச்சம் பரவியது. 1897இல் பெர்லினில் கூடிய தொழுநோய் மாநாடு, நோயாளரைத் தனிமைப்படுத்துவதே வழி என்றது. அடுத்த ஆண்டு இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் வந்தது. இலங்கையில் 1901ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. பிற்பாடு ஹெந்தலையோடு மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் நோயாளரை ஒதுக்கிவைக்கும் இடமாயிற்று.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்தெழும்பிய தோட்டங்களில், ஒட்டுவாரொட்டி நோய் என்றால் வயிறு கலங்குவதில் வியப்பில்லை. தொழுநோய் மூக்கிலும் வாயிலுமிருந்து தெறிக்கும் துளிகளால், நெடுநாள் நெருங்கிப் பழகுவோருக்குப் பரவுகிறது. ஆனாலும் கிருமி உட்புகுந்த மிகப் பெரும்பாலானோரின் உடல் அதைத் தானே அடக்கிவிடும். நோய் வெளித்தெரியச் சராசரி ஐந்து ஆண்டு, சிலரிடம் இருபது ஆண்டுகூட ஆகும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இன்னாரைக் கைகாட்டுவது கடினம். கை குலுக்குவதாலும் ஒரு வேளை கூடச் சாப்பிடுவதாலும் இது வருவதில்லை. இதை அறியாத காலத்தில், பயந்தவர்களைக் குறைசொல்வது நியாயமல்ல. அறிந்த பிறகும் விலக்கி வைத்ததுதான் கொடுமை. இந்தியா தன் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 2016 வரை காத்திருந்தது.

நோயைக் கண்டறியும் முறை எளிது. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தெரிந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியின் நுனியால் அந்த இடத்தை மெல்லத் தொடுகிறார் வைத்தியர். தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்கிறார். தேமலில் மட்டும் உணர்ச்சி இல்லாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது.

1940களில் டாப்சோன் வந்தது. அந்த ஒரு மருந்தைக் கிருமி எதிர்க்கப் பழகியபோது, உலக சுகாதார நிறுவனம் 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இலங்கை அதை 1983இல் தொடங்கி, 1995இல் நாட்டளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. மருந்து அட்டை இருபத்தெட்டு நாளைக்கு ஒன்று. அதிலுள்ள ரிபாம்பிசின் விழுங்கிய நாளில் சிறுநீர் சிவக்கும். குளோபாசிமினால் தோல் கறுக்கும். இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் பதறமாட்டார்கள். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் வீட்டிலிருந்தே மருந்தெடுத்தால் போதும். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளி பிறருக்குத் தொற்றைப் பரப்பாதவராகிவிடுகிறார். கூட வாழ்வோரையும் பரிசோதிக்க வேண்டும்.

நோய் இன்னும் ஒழிந்துவிடவில்லை. புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டறியப்படுகிறார்கள். வெட்கத்தால் தேமலை மறைத்துத் தாமதிப்பவரின் கைகால் நரம்புகள் பழுதாகின்றன. அந்த வெட்கத்தை வளர்த்ததில் ஹெந்தலை, மாந்தீவு மதில்களுக்கும் பங்குண்டு. கிருமி போன பின்னும் திரும்பிப் போக வீடில்லாமல், பலர் அங்கேயே முதுமையடைந்தார்கள்.

2020இல் கொவிட் வந்தபோது, இலங்கையில் 1897ஆம் ஆண்டின் தடுப்புக்காப்பு, நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. பல நாடுகளில் முதியோர் இல்லங்களின் கதவுகள் உறவினருக்கு அடைக்கப்பட்டன. அந்தத் தடைக்குக் காரணம் இருந்தது. கொவிட் சில நிமிட மூச்சிலேயே தொற்றி, முதியவர்களை அதிகம் கொன்றது. தொழுநோய் அப்படியல்ல. ஹெந்தலையில் குணமாகி வாழும் ஒரு முதியவரைப் பார்க்கப் போகும் பேரனுக்குக் கையுறை தேவையில்லை. தனித் தட்டும் தேவையில்லை. அவனுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் அன்று போகாமல் இருக்க வேண்டும். அங்கே தொற்று வந்துவிடாமல் காக்கப்பட வேண்டியவர் அந்த முதியவர்தான்.