ஓடும் நிரலின் படம்: தரவுப் பாய்வு வரைபும் ஒரகடம் தொழில் தடமும்

நிரலில் பிழை நேர்ந்தால் அதனை வரிவரியாக நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது கணினித் துறையின் பழைய வழக்கம். தரவுப் பாய்வு முறையில் இவ்வழக்கம் பயன்படாது. அங்குக் கட்டளைகளுக்கு முன்பின் வரிசை இல்லை. தனக்குரிய உள்ளீடுகள் வந்து சேர்ந்தவுடன் ஒவ்வொரு கணுவும் தானே இயங்கும். ஒரே நேரத்தில் பல கணுக்கள் இயங்குகையில் 'இப்போது எந்த வரி?' என்னும் வினாவே பொருளற்றதாகிறது. எனவே வரைபடம் இங்கு அலங்காரமன்று. பிழை காணும் கருவி.

1966இல் வில்லியம் சதர்லாந்து தம் எம்.ஐ.டி. முனைவர் பட்ட ஆய்வில், டி.எக்ஸ்-2 கணினித் திரையில் நிரலைப் படமாகவே வரைந்து இயக்கிக் காட்டினார். 1974இல் ஜாக் டென்னிஸ் தரவுப் பாய்வு மொழியொன்றை முன்வைத்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அர்விந்த், கிம் காஸ்டலோவுடன் இணைந்து ஒவ்வொரு தரவுக்கும் ஓர் அடையாளக் குறியை ஒட்டும் முறையை வகுத்தார். ஒரு மதிப்பு எந்தச் சுற்றைச் சேர்ந்தது, எந்த அழைப்பில் பிறந்தது என்பதை அக்குறி சொல்லிவிடும். எம்.ஐ.டி.யில் அவர் குழு உருவாக்கிய 'ஐடி வேர்ல்டு' சூழல், ஒவ்வொரு கணத்திலும் எத்தனைச் செயல்கள் இணையாக நிகழ்ந்தன என்பதை வரைபாக்கியது.

இவ்வரலாறு பெரும்பாலும் ஆய்வகங்களோடு நின்றுவிடுகிறது. தொழிற்கூடத்தில் அதற்கு வேறொரு கிளை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் தேவையை ஒட்டி 1969இல் வந்த மோடிகான் 084, ரிலேக்களின் மின்கம்பி வரைபடத்தையே நிரலாக்கியது, அதுவே ஏணிப்படம். 1993இல் ஐ.இ.சி. தரநிலை அதனுடன் செயற்கட்டப் படத்தையும் ஏற்றது. கட்டங்களுக்கிடையே கோடுகள் வழி மதிப்புகள் செல்லும் இப்படம் தரவுப் பாய்வு வரைபின் நெருங்கிய உறவு. ஏணிப்படத்தை அவ்வாறு கூறுவது மிகை. அது மேலிருந்து கீழாகச் சுழற்சி முறையில் இயங்குவது.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியே திருப்பெரும்புதூர் செல்லும் தடத்தில், 2010இல் ரெனால்ட்–நிசான் கூட்டு ஆலையாகத் தொடங்கிய ஆலை உட்பட வாகனத் தொழில் செறிந்துள்ளது. இத்தகைய ஆலைகளில் பி.எல்.சி. அன்றாடக் கருவி. கன்வேயர் நின்றால் பராமரிப்புத் தொழிலாளர் மடிக்கணினியை இணைத்து, படத்தில் நிறம் மாறாத தொடுமுனையைத் தேடுகிறார். எந்த சென்சார் சமிக்ஞை தரவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். பட்டயப் படிப்பு முடித்தவர் செய்யும் இப்பணி, ஓடும் நிரலைப் படமாக வாசிப்பதேயாகும். கணினி வரலாற்று நூல்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

குறையும் உண்டு. அத்திரை காட்டுவது நிகழ்கணத்தை மட்டுமே. சில மில்லிநொடிகள் தோன்றி மறையும் சமிக்ஞையைக் கண் தவறவிடும். அர்விந்தின் அடையாளக் குறி போன்றது அங்கில்லை. ஆகவே ஐயத்துக்குரிய சமிக்ஞைகளைத் தனியே காலவரைபாகப் பதிந்து, இயந்திரம் மீண்டும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது.